ஓர் ஆன்டெனா, இரண்டு வீடு

அத்தியாயம் 11

போன வாரம் பொடிசு போனை வைத்த இடத்தில்தான் நாமும் நிறுத்தியிருந்தோம். "அம்மா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டிவில என்னைக் காட்டுவாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அம்மா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ வந்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடிசு என்றால் கைக்குழந்தை இல்லை, பதினேழு வயது. ஆள்தான் பொடிசு, தன்னைவிடக் கனமான இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறவள். பளு தூக்கும் போட்டிக்காக இப்போது வெளியூர் போயிருக்கிறாள். அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அம்மா ரத்தப் பரிசோதனை லேபில் சீனியர். ஊசி குத்துவதே தெரியாது என்று பேர் வாங்கியவள். தெருவில் எல்லோருக்கும் அவள் 'லேப் அம்மா'.

அதே கட்டடத்தில், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், மாஸ்டரின் தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். எட்டு மாதமாக இரண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் தேர்வுப் போட்டிக்குப் பொடிசைக் கூட்டிப் போனவர் இந்தச் சித்தப்பாதான். பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் அன்று லீவு கிடைக்கவில்லை. போன இடத்தில் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டு, பெண்ணின் பெயரைப் போட்டியில் இருந்து எடுத்துவிட்டுத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு மனசு ஒப்பலை அண்ணி" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வருட உழைப்பு போனது போனதுதான்.

லேப் அம்மா அன்றைக்குக் கத்தவில்லை. அவளுக்குக் கத்த வராது. "இனிமே எங்க வாசப்படிய மிதிக்காதீங்க தம்பி" என்று மெதுவாகச் சொன்னாள். அவரும் மிதிக்கவில்லை.

சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

லேபில் அரை நாள் டியூட்டி முடித்து அவள் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே டிவியைப் போட்டாள். மற்ற சானல்களில் பாட்டும் விளம்பரமும் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தன. மகள் வரப்போகிற, வீட்டில் யாரும் அதிகம் போடாத விளையாட்டுச் சானலில் மட்டும், கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று எழுதியிருந்தது.

அந்தச் சானல் போனில் வராது. மாடியில் ஆன்டெனா இருந்தால்தான் உண்டு. மகள் பளு தூக்கி அவள் இதுவரை நேரில் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் டியூட்டி, இல்லாவிட்டால் தூரம். இன்றைக்கு விட்டால் அடுத்தது எப்போதோ.

"என்னங்க, இங்க வாங்களேன்."

மாஸ்டர் வந்தார். பார்த்தார். ரிமோட்டை வாங்கினார். "இதெல்லாம் ஒரு விஷயமா? மறுபடி தேடச் சொன்னா தானா பிடிச்சுக்கும்" என்று 'தானாகத் தேடு' பொத்தானை அமுக்கிவிட்டார்.

இந்த மனிதருக்கு எதையும் அமுக்கிவிட்டுத்தான் யோசிக்க வரும். டிவி தேடு தேடென்று தேடி, கடைசியில் மூன்றே மூன்று சானலைக் கண்டுபிடித்தது. ஏற்கெனவே இருந்த இருபத்திரண்டும் போன இடம் தெரியவில்லை. விளையாட்டுச் சானல் பட்டியலிலேயே இல்லை.

"இருந்ததையும் தொலைச்சாச்சு" என்றாள் லேப் அம்மா.

"டிவிதானே தொலைச்சது? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. மாடிக்குப் போங்க. ஆன்டெனா திரும்பியிருக்கும்."

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தத் தெருவுக்கே வேடிக்கை. மாஸ்டர் மொட்டை மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லேப் அம்மா கீழே ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் நிற்கிறாள். ஒவ்வொரு திருப்பலுக்கும் அவள் மறுபடி தேடச் சொல்ல வேண்டும், அது வருகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்த வேண்டும். கத்த வராதவள் என்று சொன்னேன் அல்லவா, அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"வந்துச்சு! வந்துச்சு! அப்படியே வைங்க!"

மேலேயிருந்து, "எங்க வைக்கிறது? நான் அதைத் தாண்டி வந்துட்டேன்!"

அங்கேதான் கோளாறு. மாஸ்டர் பழைய காலத்து ஆள். கம்பத்தைத் திருப்பினால் படம் கூடவே ஆட வேண்டும் என்று நினைக்கிறவர். இந்தக் காலத்துப் படம் நாலைந்து நொடி யோசித்துவிட்டுத்தான் வரும். அது வந்து, அவள் பார்த்து, ஜன்னலுக்கு ஓடிச் சொல்வதற்குள் அவர் அடுத்த தெருப் பக்கம் திருப்பியிருப்பார்.

"ஸ்டூடன்ட்ஸுக்கு என்ன சொல்லித் தர்றீங்க நீங்க?" என்று அவள் கேட்டாள். "ஸ்டியரிங்கைக் கொஞ்சமா ஒடிச்சு, வண்டி எங்க போகுதுன்னு பார்க்கணும்னுதானே?"

"அது வண்டிடி!"

"இதுவும் அதேதான். ஒரு விரக்கடை திருப்புங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க. நான் சொல்லாம கையை அசைக்காதீங்க."

அப்படியே செய்தார்கள். ஒரு விரக்கடை, பத்து எண்ணிக்கை. ஒரு விரக்கடை, பத்து எண்ணிக்கை. முழு வட்டமும் சுற்றியாகிவிட்டது. இரண்டு இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. மணி இரண்டே முக்கால்.

லேப் அம்மா ஜன்னலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதற்றம் வந்தால் உட்கார்ந்துவிடுவது அவள் பழக்கம். லேபில் ஒரு முடிவு சந்தேகமாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டாள். ஒன்றை மாற்றுவாள், பார்ப்பாள், பிறகு அடுத்தது. திசையை மாற்றிப் பார்த்தாயிற்று. திசை இல்லை.

ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் நுழைந்து, சிக்னல் அளவைக் காட்டும் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். அதில் இரண்டு கோடுகள். 'பலம்' தொண்ணூற்றாறு. 'தரம்' எட்டு.

அவளுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. சிக்னல் வராமல் இல்லை. அளவுக்கு மேல் வருகிறது, ஆனால் கெட்டுப்போய் வருகிறது. டியூப் நிறைய ரத்தம் இருந்தும் உறைந்துவிட்டால் சோதனைக்கு ஆகாது, அந்த மாதிரி. போன வருடம், பேச்சு இருந்த நாளில், மாஸ்டரின் தம்பி இதே பக்கத்தைக் காட்டியபோது பலம் அறுபதுதான் இருந்தது, படம் பளிச்சென்று இருந்தது. யாரோ எங்கேயோ எதையோ கூட்டியிருக்கிறார்கள்.

மாடிக்கு ஏறினாள். அந்த மாடி இரண்டு வீட்டுக்கும் பொது. ஏறிவரப் படிக்கட்டுதான் தனித்தனி. கம்பத்தில் இருந்து இறங்கும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். ஒயர் பிரிந்து இரண்டு வீட்டுக்கும் போகும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைப் பெட்டி. புத்தம் புதியது. அதற்கு மின்சாரம் அந்தப் பக்கத்துப் படிக்கட்டில் இருந்து வந்துகொண்டிருந்தது. மழை இறங்காதபடி கறுப்பு டேப் ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றியிருந்தது. இவ்வளவு அழகாக டேப் சுற்றுகிற கை இந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் உண்டு.

மாஸ்டரும் பார்த்துவிட்டார். "பார்த்தியா! பார்த்தியா நீ! நம்ம ஒயர்ல கை வெச்சிருக்கான்! அன்னைக்குப் பேரை எடுத்தான், இன்னைக்குப் படத்தை எடுக்கிறான்!"

லேப் அம்மாவுக்கும் சுரீர் என்றது. எட்டு மாதத்துக் கோபம் அப்படியே பத்திரமாக இருந்தது உள்ளே. பெட்டியின் இரண்டு பக்கத்துத் திருகுகளையும் கழற்றி, பெட்டியை விலக்கிவிட்டு, ஒயரை நேராகச் சேர்த்து முறுக்கினாள்.

"கீழ போய்த் தேடச் சொல்லுங்க."

மாஸ்டர் தடதடவென்று இறங்கினார். இரண்டு நிமிடம் ஆனது. பிறகு ஜன்னல் வழியாக ஒரு கூச்சல். "வந்துருச்சு! இருபத்திரண்டும் வந்துருச்சு! கண்ணாடி மாதிரி தெரியுது!"

அப்பாடா என்று அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். மூச்சு விட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கத்துப் படிக்கட்டில் கொலுசு இல்லாத, அவசரமான காலடிச் சத்தம். மெக்கானிக்கின் மனைவி. கையில் கரண்டியோடு அப்படியே ஓடி வந்திருந்தாள்.

லேப் அம்மாவைக் கண்டதும் நின்றாள். எட்டு மாதத்தில் இரண்டு பேரும் இவ்வளவு பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

"அக்கா..." என்றாள். "எங்க வீட்டுல படம் போயிடுச்சு."

"பெட்டியைக் கழட்டிட்டேன். எங்களுக்கு அதனாலதான் வரலை."

"அய்யய்யோ, உங்களுக்கு வரலையா?" ஓரகத்தி கரண்டியோடு கன்னத்தில் கையை வைத்தாள். "உங்களுக்கும் சேர்த்து நல்லா வரணும்னுதானேக்கா மாட்டினார்! எங்க ஒயர் பின்கட்டைச் சுத்திப் போகுது, எப்பவுமே கட்டம் கட்டமாத்தான் வரும். பொடிசைக் காட்டுறாங்கன்னு பேப்பர்ல பார்த்ததுல இருந்து மனுஷன் தூங்கலை. பத்து நாளைக்கு முன்னாடி சிக்னலைக் கூட்டுற இந்தப் பெட்டியை வாங்கி மாட்டினார்."

"உங்க ஒயர் நீளம். வர்ற வழியிலேயே குறைஞ்சிடும், அதனால தாங்குது. எங்களுது நேரா இறங்குது. திணறிடுச்சு." லேப் அம்மா முடிவைப் படித்துச் சொல்கிற குரலில் சொன்னாள். வேறு எந்தக் குரலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் மாஸ்டர் மேலே வந்துவிட்டார். அந்தப் பக்கப் படிக்கட்டில் மெக்கானிக்கின் தலை மட்டும் தெரிந்தது. கடைசிப் படி ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டார். யார் முகத்தையும் பார்க்காமல், மனைவியிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"அவங்களுக்கே வரட்டும்னு சொல்லு. பெட்டியைத் திரும்ப மாட்ட வேண்டாம்."

மாஸ்டரும் தன் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் வீட்டுல வராதேன்னு கேளு."

"நம்ம பக்கத்து ஒயர்ல மட்டும் பெட்டியை மாட்டினா ரெண்டு வீட்டுக்கும் வரும்னு சொல்லு. அதுக்கு ஒரு துண்டு ஒயரும் அதை மாட்டுற ரெண்டு முனையும் வேணும். கைவசம் இல்லை, கடை இன்னைக்கு லீவு. நாளைக்குப் பண்ணிக்கலாம்னு சொல்லு."

"நாளைக்குப் பண்ணி என்ன பிரயோஜனம்னு கேளு!"

நாலடி தூரத்தில் நின்றுகொண்டு அண்ணனும் தம்பியும் இப்படிப் பேசுவதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா? இரண்டு மனைவிகளும் ஒரு வார்த்தைகூட யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மணி மூன்றரை. லேப் அம்மா அந்தத் தலையைப் பார்த்தாள். முன்தலை நரைத்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அப்படி இல்லை. இந்த மனிதர் பத்து நாளாக ஆசையாகக் காத்திருந்துவிட்டு, இப்போது 'அவங்களுக்கே வரட்டும்' என்கிறார். இவர் மேல் கோபம் போய்விட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். போகவில்லை. ஆனால், பொடிசு தூக்கும்போது இந்த மனிதர் இருண்ட டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதுவும் பொறுக்கவில்லை.

"தம்பி" என்றாள். "எங்க வீட்டுக்கு வந்து பாருங்க."

மெக்கானிக் நிமிர்ந்தார். "அண்ணி, நீங்க சொன்னது..."

"சொன்னேன். சொன்னது தப்புன்னு இப்பவும் நினைக்கலை. இருந்தாலும் வாங்க. நாலு மணிக்கு ஆரம்பிச்சிடும்." ஓரகத்தியைப் பார்த்து, "அடுப்பை அணைச்சிட்டு வா" என்றாள்.

நான்கு மணி. முன் அறையில் நான்கு பேர். மெக்கானிக் செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசப்படியை ஒரு கணம் பார்த்தார், பிறகு தாண்டினார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை, கதவோரம் நின்றார். மாஸ்டர் ரிமோட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

பொடிசு வந்தாள். சிவப்பு உடை, இடுப்பில் அகலமான பெல்ட், கையெல்லாம் வெள்ளை மாவு. டிவியில் இன்னும் பொடிசாகத் தெரிந்தாள். "சாப்பிடறாளா இல்லையா அங்க?" என்றார் மாஸ்டர்.

முதல் பாகத்தில் தரையில் இருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் கம்பி மேலே போய் நின்றது. நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. மாஸ்டர் குதித்தார். லேப் அம்மாவுக்குக் கண் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை. இத்தனை நாள் போனில் எண்களாகக் கேட்டது இதுதானா? என் வயிற்றில் பிறந்ததா இதைத் தூக்கி நிறுத்துகிறது?

இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில் கம்பி பின்னால் விழுந்துவிட்டது. பரவாயில்லை, இரண்டாவது இடத்தில் இருந்தாள்.

மேடையில் இருந்து இறங்கும்போது பொடிசு இடது காலை முதலில் வைத்து, அதில் பாரத்தைப் போட்டு, மெதுவாக இறங்கினாள். அதை இரண்டு பேர் கவனித்தார்கள். ஒன்று லேப் அம்மா. இன்னொருவர் கதவோரம் நின்றவர். "இடுப்பு" என்றார் மெக்கானிக், தனக்குள்.

இரண்டாம் பாகத்துக்கு முன்னால் பத்து நிமிட இடைவேளை. விளம்பரம் ஓடியது. போன் அடித்தது. பொடிசின் கோச்.

"அம்மா, பதறாதீங்க. இடுப்பு பிடிச்சிருக்கு. இங்க டாக்டர் பார்த்துட்டார். தூக்கலாம்னும் சொல்லலை, கூடாதுன்னும் சொல்லலை. பதினெட்டு ஆகலை, அதனால பெத்தவங்க ஒரு வார்த்தை சொல்லணுமாம். இவகிட்ட கேட்டா, 'அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்'ங்கிறா. எனக்கு இன்னும் அஞ்சு, ஆறு நிமிஷத்துல சொல்லணும்."

"ஒரு நிமிஷம் சார்."

விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டர், "தூக்கட்டும்னு சொல்லு! மெடலுக்கு இவ்வளவு பக்கத்துல வந்துட்டு..." என்று ஆரம்பித்து, பாதியில் நின்றார். "இல்ல, ஏதாவது ஆயிடுச்சுன்னா? நீயே சொல்லு. எனக்குத் தெரியலை."

லேப் அம்மா கதவுப் பக்கம் திரும்பினாள். எட்டு மாதத்துக்கு முன்னால் பொடிசுக்காக முடிவெடுக்க இந்த மனிதர் எங்கே நின்றாரோ, சரியாக அங்கேதான் இப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, அன்னைக்கும் இப்படித்தான் இருந்தாளா?"

"விடுங்க அண்ணி."

"இன்னும் எத்தனை நாளைக்கு விடுறது?" என்றாள் ஓரகத்தி. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குப் பேர் கூப்பிட அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. என் கையை வந்து பிடிச்சுக்கிட்டா. 'சித்தப்பா, வலிக்குது, பயமா இருக்கு, என்னால முடியலை'ன்னா. 'நான் சொன்னேன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அம்மா லேப் முழுக்கச் சொல்லி வெச்சிருக்காங்க, அவங்க முகத்தை என்னால பார்க்க முடியாது'ன்னா. சரி, நான் எடுத்ததாவே இருக்கட்டும்னு கையெழுத்து போட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு. இன்னைக்கு உடைச்சிட்டேன்."

மாஸ்டர் தம்பியைப் பார்த்தபடி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

லேப் அம்மாவுக்கு முகம் எரிந்தது. எட்டு மாதமாக யாரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தாள்? மகள் தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். தன் சந்தோஷத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். அது வெட்கமாக இருந்தது, வலித்தது. உட்கார்ந்து அழ நேரம் இல்லை.

"சார், போனை அவகிட்ட குடுங்க."

கொஞ்ச நேரம் கூட்டத்தின் இரைச்சல். பிறகு, "அம்மா, நீ சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் சரி."

"நான் எதுவும் சொல்லப் போறதில்லை கண்ணு. சித்தப்பா இங்கதான் இருக்கார், நம்ம வீட்டுல. அன்னைக்கு நடந்ததைச் சொல்லிட்டார்."

"சொல்லிட்டாரா?" என்றாள் பொடிசு.

"எனக்குக் கோபம் இல்லை. தூக்கறியோ, இறங்கி வர்றியோ, நீ எது சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். சத்தியமா. உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

பொடிசு மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, போனைச் சித்தப்பாகிட்ட குடு" என்றாள்.

லேப் அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு நொடிதான். எழுந்து கதவோரம் போய், போனை நீட்டினாள்.

"உங்களைத்தான் கேக்கிறா தம்பி."